எழுதத் தொடங்கும் முன்பே தோற்றுவிடும் விண்ணப்பங்கள்

நிதியுதவி கேட்டு விண்ணப்பித்து, "வருந்துகிறோம்" என்று பதில் வந்தால் நமக்கு முதலில் எழுத்தின் மேல்தான் சந்தேகம் வரும். அடுத்த முறை இன்னும் பக்கம் பக்கமாக எழுதுவோம். சிறிய அமைப்புகளின் விண்ணப்பங்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் கோளாறு எழுத்தில் இருப்பதில்லை. கேட்ட இடம் தவறாக இருக்கும். இல்லையென்றால், கையில் இருக்க வேண்டிய காகிதங்கள் இல்லாமலே கேட்டிருப்பார்கள்.

ஒரே விண்ணப்பத்தைப் பெயர் மட்டும் மாற்றி முப்பது இடங்களுக்கு அனுப்புவதுதான் பரவலான தவறு. எங்காவது ஒன்று கிடைக்கும் என்ற நம்பிக்கை. படிப்பவர்களுக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். அந்த உழைப்பை நாலைந்து இடங்களை ஆராய்வதில் செலவிட்டால் பலன் அதிகம்.

எப்படி ஆராய்வது? இங்கேதான் இரண்டாவது தவறு. நிதி தரும் நிறுவனத்தின் இணையதளத்தில் "கல்வி, பெண்கள் முன்னேற்றம், சுற்றுச்சூழல்" என்று இருப்பதைப் பார்த்ததும், நம் வேலையும் அதுதானே என்று உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிடுகிறோம். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட இதுவரை யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். அமெரிக்காவின் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் வரித்துறைக்கு 990-பிஎஃப் என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிரிட்டனில் பல நிதி நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த உதவிகளின் விவரத்தை 360கிவிங் என்ற அமைப்பு வகுத்த பொது வடிவத்தில் வெளியிடுகின்றன. மற்ற இடங்களில் ஆண்டறிக்கை கைகொடுக்கும்.

அந்தப் பட்டியலைக் கையில் பேனாவோடு படியுங்கள். வழக்கமாக எவ்வளவு தொகை கொடுக்கிறார்கள்? நம் அளவுள்ள அமைப்பு ஒன்றாவது அதில் இருக்கிறதா? மூன்று ஆண்டுப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவா, புதியவர்களுக்கும் இடம் உண்டா என்று புரிந்துவிடும். 990-பிஎஃப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டமும் உண்டு. முன்பே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டுமே தருவோம், தாமாக வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்பது அதன் பொருள். அதில் குறியிட்டிருந்தால் அங்கே விண்ணப்பம் அனுப்புவது வீண். அந்த ஒரு குறியைப் பார்க்காமல் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதியவர்களை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

இதற்கு நேரெதிரான தவறு, நிதிக்காக வேலையை வளைப்பது. முதியோரைப் பராமரிக்கும் அமைப்பு, இளைஞர்களுக்கான நிதி அறிவிப்பைப் பார்த்ததும் திடீரென இளைஞர் திட்டம் ஒன்றை உருவாக்கும். பணம் கிடைக்காமல் போனால் பரவாயில்லை. கிடைத்துவிட்டால்தான் சிக்கல், தெரியாத வேலையை இரண்டு வருடம் செய்து அறிக்கையும் கொடுக்க வேண்டும்.

அப்புறம் காகிதங்கள். பதிவுச் சான்றிதழ், தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகக் குழுப் பட்டியல், வங்கி விவரம் எல்லாவற்றையும் அறிவிப்பு வருவதற்கு முன்பே ஒரே கோப்பில் வைத்திருங்கள். சில பதிவுகள் ஒரே நாளில் முடியாது. அமெரிக்க அரசு நிதிக்கு விண்ணப்பிக்கும் அமைப்பு சாம்.கவ் (SAM.gov) என்ற அந்த அரசின் பதிவுத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்; அதற்கே சில வாரங்கள் ஆகலாம். கடைசி வாரத்தில் தொடங்கினால் விண்ணப்பம் தயாராக இருக்கும், அனுப்ப வழி இருக்காது.

பட்ஜெட்டைக் கடைசி இரவுக்குத் தள்ளிவைப்பதும் அதே அளவுக்கு ஆபத்து. திட்ட விளக்கத்தில் "மூன்று பயிற்சியாளர்கள், 12 மாதம்" என்று இருக்கும். பட்ஜெட்டில் இரண்டு பேருக்கு 10 மாதச் சம்பளம் இருக்கும். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் முதலில் பட்ஜெட்டைத்தான் புரட்டுவார். அங்கே கணக்கு இடித்தால், மீதியையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். எழுதியவரைத் தவிர வேறொருவரிடம் பட்ஜெட்டை மட்டும் கொடுத்து, "இதில் என்ன வேலை நடக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதும் விளக்கமும் பொருந்த வேண்டும்.

வாடகை, மின்சாரம், கணக்கர் சம்பளம் போன்ற நிர்வாகச் செலவைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். தேவையே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் என்ற ஆராய்ச்சி நிதித் திட்டம், இப்படிப்பட்ட மறைமுகச் செலவுக்கென்று, திட்ட வேலைக்கு நேரடியாக ஆகும் செலவில் 25 சதவீதம் தருகிறது. அமெரிக்க அரசு நிதியில், மறைமுகச் செலவுக்கென்று அரசோடு பேசித் தனி விகிதம் பெறாத அமைப்புகள் கேட்கக்கூடிய அளவு 2024 அக்டோபரில் 10 சதவீதத்திலிருந்து 15 ஆக உயர்ந்தது. ஒவ்வொருவருக்கும் வரம்பு வேறு. சிலர் தரவே மாட்டார்கள். விதியைப் படித்துவிட்டு, அனுமதித்ததை முழுதாகக் கேளுங்கள். பணம் முன்கூட்டியே வருமா, செலவு செய்த பிறகு வருமா என்றும் பாருங்கள். செலவுக்குப் பின்தான் என்றால், அதுவரை சம்பளத்தை எதிலிருந்து கொடுப்பது என்று முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

கடைசியாக, பேசத் தயங்குவது. அறிவிப்பில் தொடர்பு எண்ணோ மின்னஞ்சலோ இருந்தால், அது நாம் கேட்பதற்காகத்தான். "நாங்கள் இந்த வேலை செய்கிறோம், இவ்வளவு தொகை தேவை, இது உங்கள் வரம்புக்குள் வருமா?" என்று மூன்று வரி எழுதினால் போதும். "வராது" என்று பதில் வந்தாலும் சரி, ஒரு மாத உழைப்பு மிச்சம்.