சூடானால் மட்டும் நின்றுபோகும் கார் ஏ.சி.

காலையில் நன்றாகக் குளிரும். பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் வெறும் காற்றுதான். எஞ்சின் ஆறினால் மறுபடி குளிர். ரிலே (மின் சுவிட்ச்) மாற்றியும் கேஸ் நிரப்பியும் பயனில்லை. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஸரையே மாற்றச் சொன்னார்கள்.

குளிர் நின்ற நேரத்தில் கம்ப்ரஸரை எஞ்சினோடு இணைக்கும் காந்த கிளட்ச்சின் கனெக்டரில் மீட்டர் வைத்தேன்: 12 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, கிளட்ச் தட்டுதான் புல்லியோடு ஒட்டவில்லை. சூட்டில் காயிலின் மின்தடை கூடி, காந்த இழுவை குறையும். தட்டு தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் அந்த இழுவை எட்டாது. ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.9 மி.மீ. காட்டியது, பல கார்களில் 0.3 முதல் 0.6 வரைதான் இருக்கும்.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, நடு போல்ட்டை எடுத்து, தட்டுக்குப் பின்னாலிருந்த ஷிம் (மெல்லிய வாஷர்) ஒன்றை உருவினேன். இடைவெளி இப்போது 0.5. சுற்றிலும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும், ஒரே இடம் ஏமாற்றும். கேஸைத் தொடவே வேண்டாம். அப்பாடா, மதிய வெயிலிலும் நிற்காமல் ஓடுகிறது.