ஓபியாய்டு மருந்துகளில் ஆண்–பெண் வேறுபாடு: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலி நீக்கும் ஓபியாய்டு மருந்துகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் எப்படி வேறுபட்டு வேலை செய்கின்றன என்று ஆராய வரும் புதிய மாணவர்கள், எங்கள் தலைமுறை பணத்தையும் எலிகளையும் வீணாக்கிச் செய்த அதே தவறுகளையே மறுபடி செய்கிறார்கள். ஊசி போடுவது, எடைக்கேற்ப மருந்தளவு கணக்கிடுவது போன்றவற்றைக் கையேடுகளே சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே டோஸை வைத்து முடிவு கட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். எலியின் வாலில் வெப்பக்கதிரைப் பாய்ச்சி, அது வாலை இழுத்துக்கொள்ள எத்தனை விநாடி ஆகிறது என்று அளக்கிறோம். தோல் வெந்துவிடாமலிருக்கப் பெரும்பாலும் 10 விநாடியில் கதிரை நிறுத்திவிடுவோம். அண்மையில் ஒரு மாணவி கொண்டுவந்த வரைபடத்தில் ஆண், பெண் இரண்டு பட்டைகளும் அந்த 10 விநாடிக் கோட்டில் முட்டி நின்றன. கீழே 'பாலின வேறுபாடு இல்லை' என்று எழுதியிருந்தார். கொடுத்த மார்பின் என்ற ஓபியாய்டின் அளவு அவ்வளவு அதிகம். வேறுபாடு இருந்தாலும் அது வெளிப்பட அந்த அளவீட்டில் இடமே இல்லை. டோஸைப் படிப்படியாகக் கூட்டி வளைகோடு வரைந்தால்தான், அதே அளவு வலி குறையப் பெண் எலிகளுக்குக் கூடுதல் மார்பின், சில ஆய்வுகளில் ஏறத்தாழ இரு மடங்கு, தேவைப்படுவது தெரியும். மிகக் குறைந்த டோஸை மட்டும் கொடுத்தாலும் இதே பொய்ச்சமம் வரும், ஏனெனில் அப்போது இரு பாலுக்குமே வலி குறையாது. மாதக்கணக்கான உழைப்பும் உயிர்களும் இப்படி வீணாவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெண் எலிகளை ஒரே கூட்டமாகக் கருதுவது

அவற்றின் இனப்பெருக்கச் சுழற்சி 4 அல்லது 5 நாள்களில் முடிந்துவிடும். யோனித் திரவத்துளியை ஸ்லைடில் வைத்துப் பார்க்கும்போது உட்கருவுள்ள வட்டச் செல்கள் கொத்துக்கொத்தாகத் தெரிந்தால் அது முட்டை வெளியேறுவதற்குச் சற்று முந்தைய புரோஈஸ்ட்ரஸ் கட்டம். ஈஸ்ட்ராடையால் என்ற பெண் ஹார்மோன் உச்சத்திலிருக்கும் அந்த வேளையில் மார்பின் வலுக்குறைந்து வேலை செய்வதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சினைப்பைகளை நீக்கிவிட்டு, நல்லெண்ணெயில் கரைத்த ஈஸ்ட்ராடையாலைச் செலுத்துபவர்கள், ஒப்பீட்டுக் குழுவுக்கும் வெறும் நல்லெண்ணெயை ஊசி மூலம் கொடுத்தே ஆக வேண்டும்.

சுழற்சிக்கு அஞ்சிப் பெண் எலிகளையே விலக்குவது

பெண் சுண்டெலிகளின் அளவீடுகள் ஆண்களுடையதைவிட அதிகமாகச் சிதறுவதில்லை என்று 2014இலேயே காட்டிவிட்டார்கள்.

சோதனை செய்தவர் ஆணா பெண்ணா என்று குறிக்காமல் விடுவது

குறித்து வையுங்கள், ஆண்களின் வாடையே எலிகளின் வலியுணர்வை மழுங்கச் செய்யும்.

எலியில் கண்டதை மனிதர்மேல் ஏற்றுவது

மனிதர்களிடம் திசையே மாறலாம். கடைவாய் ஞானப்பல் பிடுங்கியவர்களிடம் கலிஃபோர்னியாவில் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வில், நால்பஃபின், பியூட்டார்ஃபனால் ஆகிய, கப்பா என்ற ஏற்பியில் (மருந்து ஒட்டும் செல் புரதத்தில்) வேலை செய்யும் ஓபியாய்டு மருந்துகள் பெண்களுக்கே கூடுதலாக வலியைத் தணித்தன. மருந்து எந்த ஏற்பியில் ஒட்டுகிறது, வலி எத்தகையது என்பவற்றைச் சொல்லாமல் 'பெண்களுக்கு ஓபியாய்டு குறைவாகவே வேலை செய்யும்' என்று எழுதுவது நோயாளிக்குத் தீங்காக முடியும்.

ஹார்மோனைத் தொடக்கத்தில் மட்டும் அளப்பது

நீண்டநாள் ஓபியாய்டு, மூளையில் ஹார்மோன்களை நெறிப்படுத்தும் ஹைப்போதலாமஸ் வழியாகப் பாலின ஹார்மோன்களையே அடக்கிவிடும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சரியும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கக்கூடும். ஆகவே வாரக்கணக்கில் மருந்து கொடுக்கும் சோதனைகளில், முதல் நாள் எடுத்த இரத்த மாதிரியோடு கடைசி நாள் மாதிரியையும் அளந்த பிறகே ஹார்மோனைப் பற்றி எழுத வேண்டும்.