பெரிய எண்ணைப் பிரித்து மேய்வது எப்படி

63,58,968 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இதற்கு எத்தனை காரணிகள், அவற்றின் கூடுதல் எவ்வளவு, இது வர்க்க எண்ணா என்று எதைக் கேட்டாலும் முதல் வேலை பகாக் காரணிகளாகப் பிரிப்பதுதான்.

வகுக்கத் தொடங்குமுன் இலக்கங்களைப் பாருங்கள். கடைசி மூன்று இலக்கங்களான 968, 8ஆல் வகுபடும். கடைசி நான்கான 8968, 16ஆல் வகுபடாது. ஆகவே 2இன் அடுக்கு 3. இலக்கங்களின் கூடுதல் 45 என்பதால் 9ஆலும் வகுபடும். வலப்பக்கத்திலிருந்து மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் 8−6+9−8+5−3+6 = 11; எனவே 11உம் உண்டு. 7க்கும் சோதனை முறைகள் இருக்கின்றன, ஆனால் நேராக வகுத்துப் பார்ப்பதே சீக்கிரம் முடியும்.

8ஆல் வகுக்க 7,94,871. அதை 9ஆல் வகுக்க 88,319. இதன் இலக்கக் கூடுதல் 29, ஆக இனி 3 கிடையாது. 7ஆல் வகுக்க 12,617, 11ஆல் வகுக்க 1,147.

சறுக்குவது இங்கேதான். 1,147 பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கும். 13, 17, 19, 23, 29 எல்லாமே மீதி வைக்கும்; அலுத்துப்போய் விட்டுவிடத் தோன்றும். மிஞ்சிய எண்ணின் வர்க்கமூலம் வரை போயே ஆகவேண்டும். பகு எண் என்றால் அதன் ஒரு காரணியாவது அதற்குள் இருக்கும். இங்கே வர்க்கமூலம் ஏறத்தாழ 33.9, ஆகவே 31 பாக்கி. 31 × 37 = 1,147! முதல் எண்ணின் வர்க்கமூலமான 2,521 வரை தேடுவது வீண்வேலை. ஈவு சுருங்கச் சுருங்க எல்லையும் சுருங்கும்.

63,58,968 = 2³ × 3² × 7 × 11 × 31 × 37. திரும்பப் பெருக்கிச் சரிபார்த்துவிடுங்கள்.

காரணிகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 4×3×2×2×2×2 = 192. அந்த 1ஐ மறந்தால் 6 என்று வந்து நிற்கும். காரணிகளின் கூடுதல் 15×13×8×12×32×38 = 2,27,63,520; இதில் 15 என்பது 1+2+4+8, 13 என்பது 1+3+9. எண்ணையே கழித்தாலும் 1,64,04,552 மிஞ்சுகிறது, எண்ணைவிடப் பெரிது. எனவே இது மிகை எண். 7இன் அடுக்கு ஒற்றைப்படை என்பதால் வர்க்க எண் அல்ல.

இன்னும் பெரிய எண்களை எக்செல்லில் போடும்போது கவனம். 15 இலக்கங்களைத் தாண்டினால் மீதி இலக்கங்கள் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். பைத்தான் நிரல்மொழியின் முழு எண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அங்கேயும் வகுக்க ஒற்றைச் சாய்கோடு போடாதீர்கள், தசம எண்ணாக மாறிவிடும். இரட்டைச் சாய்கோடுதான் போடவேண்டும்.