டிரையல்ஸ் சைக்கிளில் கியர் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரையல்ஸ் சைக்கிள் என்பது தடைகளின் மேல் தாவி ஏறுவதற்காகச் செய்த ஒற்றைக் கியர் வண்டி. அதைத் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்ட நினைப்பவர்களுக்கு முதலில் வரும் ஆசை கியர். அது நியாயமான ஆசைதான். 26 அங்குலச் சக்கரம், முன்னால் 22 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், பெடலை ஒரு முறை முழுதாகச் சுற்றினால் வண்டி சுமார் 2.6 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தாலும் மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர்தான். திண்டின் மேல் தாவ அது போதும். தினமும் வேலைக்குப் போய்வர ஆகாது.

ஆனால் புதிதாக இறங்குபவர்கள் ஒரே குழியில்தான் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். எங்களில் பலரும் விழுந்து எழுந்த குழி அது. போல்ட்டை இறுக்க மறப்பது, கேபிளைக் குட்டையாக வெட்டுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றை வண்டியே சொல்லிக்கொடுத்துவிடும்.

ஃப்ரீவீல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் டெரெய்லர் வாங்குவது

இந்த ஒரு தவறைப் பார்க்கும்போது இன்னும் எரிச்சல் வருகிறது. காரணம், கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். கவனிக்காமல் விட்டால் ஃப்ரேமே போகும்.

சாதாரண சைக்கிளில் பெடலை நிறுத்தினால் செயினும் நிற்கும். ஃப்ரீவீல், அதாவது ஒரு திசையில் பிடித்து மறுதிசையில் வெறுமனே சுழலும் பாகம், பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பாகம்) இருப்பதுதான் காரணம். டிரையல்ஸ் வண்டிகள் பலவற்றில் ஃப்ரீவீல் முன்னால், கிராங்கில் (பெடல் மாட்டியிருக்கும் கை) இருக்கும். பின் பல்சக்கரம் ஹப்போடு இறுகியிருக்கும். பின் ஹப்பின் எடை குறையும், அதற்குள் உடைய எதுவும் இல்லை, தேய்ந்த ஃப்ரீவீலைத் தனியாகக் கழற்றி மாற்றலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. விளைவு, சக்கரம் உருளும்வரை செயினும் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும்.

பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். கிராங்கை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, டயரைத் தொட்டுச் சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றுங்கள். செயின் நின்றால் ஃப்ரீவீல் பின்னால். செயின் ஓடினால் முன்னால். இதைச் செய்யும்போது விரல் செயின் பக்கமே போகக் கூடாது. கிராங்கைப் பிடித்திருந்தாலும் பல்சக்கரம் சுற்றும், விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முன் ஃப்ரீவீல் வண்டியில், இறுகிய பின் ஹப்பையே வைத்துக்கொண்டு டெரெய்லரை (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் ஸ்பிரிங் கை) மாட்டினால் என்ன ஆகிறது? மிதிக்கும்போது விசை செயினின் மேல் பாதியில் இருக்கிறது. கீழ்ப் பாதி தொய்வாக இருக்கும். அந்தத் தொய்வை டெரெய்லரின் ஸ்பிரிங் இழுத்து வைத்துக்கொள்ளும். மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருள விட்டால் எல்லாம் தலைகீழ். இப்போது செயினை இழுப்பது பின்சக்கரம்; அது கீழ்ப் பாதியை இழுக்கிறது. முன் ஃப்ரீவீலின் உள் உராய்வு அந்த இழுப்பை எதிர்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது டெரெய்லரின் கை. அதன் ஸ்பிரிங் தொய்வைப் பிடிக்கச் செய்தது, இழுவிசையைத் தாங்கச் செய்ததல்ல. கை முன்னோக்கி நீளும். அது விட்டுக்கொடுத்த நீளம் முழுதும் மேல் பாதியில் தொய்வாக வந்து நிற்கும். ஃப்ரீவீலே இல்லாத ஃபிக்ஸட் சைக்கிளில் செயினை இறுக்கும் ஸ்பிரிங் டென்ஷனர் போடக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

புது ஃப்ரீவீல், மெல்லிய எண்ணெய், காய்ந்த சாலை என்றால் ஒரு மாதம்கூடப் பிரச்சினை தெரியாது. அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஃப்ரீவீலுக்குள் சேறு புகுந்தோ கிரீஸ் கெட்டிப்பட்டோ உராய்வு கூடும் நாளில் மேல் செயின் தொங்கி ஆடும். சிறிய முன் பல்சக்கரத்திலிருந்து நழுவி, பல்லுக்கும் செயின்ஸ்டேக்கும் (பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஃப்ரேம் குழாய்) நடுவில் சிக்கும். சாதாரண வண்டியாக இருந்தால் செயின் அங்கேயே நின்றுவிடும், சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். இங்கே வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த மொத்த வேகமும் அந்தச் செயினைத்தான் இழுக்கும்.

அப்படி வந்த ஒரு வண்டி இன்னும் கண்ணில் நிற்கிறது. அதன் சொந்தக்காரர் இறக்கத்தில் மிதிக்காமல் உருண்டு வந்திருக்கிறார். செயின் சிக்கியதும் டெரெய்லர் ஸ்போக்ஸுக்குள் சுருண்டிருக்கிறது. ஏழு கம்பி அறுந்திருந்தது. ஹேங்கரைப் (டெரெய்லரைத் தொங்கவிடும் தகடு) பிடித்திருந்த அலுமினிய டிராப்அவுட் (பின் அச்சு உட்காரும் ஃப்ரேம் முனை) வெளிப்பக்கமாக முறுக்கிக்கொண்டு, அதன் வேரில் மயிரிழை விரிசல். டெரெய்லரை மாற்றலாம், கம்பியை மாற்றலாம். டிராப்அவுட் தனியாகக் கழலாத ஃப்ரேமில் அந்த விரிசலோடு கதை முடிந்தது. அவர் புதிதாக வாங்கி மாட்டிய சாமான் எதிலும் குறை இல்லை.

‘முன் ஃப்ரீவீலோடு கியர் வண்டி விற்றிருக்கிறார்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 1970களின் பிற்பகுதியில் ஷிமானோ அப்படி ஒரு முறையைக் கொண்டுவந்தது. மிதிக்காமலே கியர் மாற்றலாம் என்பது அதன் வசதி. ஆனால் அதில் பின்னால் இருந்தது உராய்வு கூடிய ஒரு ஃப்ரீவீல். செயின் எங்காவது சிக்கினால் அது நழுவி விட்டுக்கொடுக்கும். டிரையல்ஸின் இறுகிய ஹப் விட்டுக்கொடுக்காது.

ஆகவே எதையும் வாங்குமுன் பின்சக்கரத்தை ஃப்ரீஹப் (ஃப்ரீவீல் உள்ளேயே அமைந்த ஹப்) உள்ளதாக மாற்றுவது என்று முடிவெடுங்கள். அது வந்துவிட்டால் முன் ஃப்ரீவீல் தற்காலிகமாக இருந்தாலும் ஆபத்து இல்லை. இரண்டின் தளர்வும் கூடி, பெடல் பிடிக்குமுன் கொஞ்சம் வெறுமனே நகரும், அவ்வளவுதான். ஆனால் அதோடு நிறுத்தினால் பலன் பாதி. முன்னால் 18 பல் ஃப்ரீவீலும் பின்னால் மிகச் சிறிய 11 பல்லும் சேர்ந்தாலும், அதே 80 சுற்றில் மணிக்கு 16.5 கிலோமீட்டர்தான். முன்னால் 32 பல் போட்டால் 32:14-இல் 23, 32:11-இல் 29. அதற்குக் கிராங்கையே மாற்ற வேண்டும்.

கிராங்கைத் திரும்பப் பயன்படுத்த நினைத்து ஃப்ரீவீலை மட்டும் கழற்றுபவர்களுக்கு: அது கிராங்கின் உட்பக்கம், ஃப்ரேமைப் பார்த்த முகத்தில் திருகியிருக்கும். ஒவ்வொரு மிதியும் அதை இன்னும் இறுக்கியிருக்கும். அதற்கான கருவியை வைஸில் பிடித்து, கிராங்கையே நெம்புகோலாக்கித் திருப்புங்கள். சுத்தியலால் தட்டிக் கழற்ற முயன்றால் மரை போகும்.

பெரிய பல்சக்கரம் உள்ளே போகுமா என்று அளக்காதது

டிரையல்ஸ் ஃப்ரேமின் செயின்ஸ்டே குட்டை. அகலமான டயருக்காக வெளிப்பக்கம் வளைந்தும் இருக்கும். 22 பல் சக்கரத்தின் விட்டம் 89 மில்லிமீட்டர். 32 பல் என்றால் 130. செயினையும் சேர்த்தால் ஆரம் 70 மில்லிமீட்டரை நெருங்கும்.

கெட்டியான அட்டையில் 70 மில்லிமீட்டர் ஆரத்தில் வட்டம் வெட்டி, கிராங்கைக் கழற்றிவிட்டு, பல்சக்கரம் வரவேண்டிய தூரத்தில் பெடல் ஆக்ஸிலில் (அச்சு) செருகிச் சுற்றிப் பாருங்கள். செயின்ஸ்டேயிலிருந்து 3 மில்லிமீட்டராவது விலகி ஓட வேண்டும். அட்டை உரசினால் 28 அல்லது 26 பல்லுக்கு இறங்குங்கள். ஃப்ரேமை அரத்தால் ராவி இடம் பண்ண வேண்டாம்.

அலுமினிய ஃப்ரேமை விரித்துச் சக்கரத்தைத் திணிப்பது

செய்யாதீர்கள். 20 அங்குல டிரையல்ஸ் ஃப்ரேமின் பின் இடைவெளி பெரும்பாலும் 116 மில்லிமீட்டர். வழக்கமான மலைச் சைக்கிள் ஹப் 135. இரும்பு ஃப்ரேம் சில மில்லிமீட்டர் வளைந்து கொடுக்கும். அலுமினியம் 19 மில்லிமீட்டர் விரிந்தால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும், உடனே இல்லாவிட்டாலும் சில வாரங்களில்.

116 ஃப்ரேமுக்குப் பொருத்தமானது ஹப்புக்குள்ளேயே கியர் உள்ள மூன்று கியர் ஹப். ஸ்டர்மி-ஆர்ச்சர் வகை ஹப்புகளில் அந்த அகலத்தை ஒட்டியவை கிடைக்கின்றன. நடு கியர் நேர் விகிதம், கீழ் கியர் 75 சதவீதம், மேல் கியர் 133 சதவீதம். டெரெய்லரே வேண்டாம் என்பதால் டிரையல்ஸின் நீளவாட்டு டிராப்அவுட்டுக்கு இதைவிட நல்ல இணை இல்லை. மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். ரிம்மில் எத்தனை கம்பி ஓட்டை என்று எண்ணுங்கள். இந்த ஹப்புகள் பல 36 ஓட்டை, டிரையல்ஸ் ரிம் பெரும்பாலும் 32. ஆக்ஸில் சுழலாமல் பிடிக்கும் பல் வாஷர்களை இரு பக்கமும் போடாவிட்டால், ஆக்ஸில் சுழன்று டிராப்அவுட்டைக் கடித்துவிடும். மூன்றாவது, பலருக்குத் தெரியாதது: முன் பல் பின் பல்லைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இருக்க வேண்டும். பழைய 18 பல் ஃப்ரீவீலை வைத்தே மிதித்தால் உள்ளே போகும் முறுக்குவிசை ஹப் தாங்கும் அளவைத் தாண்டும். சின்ன பல்சக்கரங்கள் பொடியாகும்.

ஒன்பது கியரையும் அடுக்குவது

குட்டைச் செயின்ஸ்டேயில் செயின் சாய்ந்து ஓடும். 350 மில்லிமீட்டர் செயின்ஸ்டேயில் ஒன்பது பல்சக்கரம் அடுக்கினால் இரு ஓரமும் நடுக்கோட்டிலிருந்து 17 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். ஓரக் கியர்களில் இரைச்சல், தானாகப் பல் மாறுவது, வேகமான தேய்மானம் எல்லாம் வரும். 8 கியர் அடுக்கிலிருந்து ஐந்து சக்கரங்களை மட்டும் எடுத்து, இரு பக்கமும் ஸ்பேசர் (இடைவெளி வளையம்) வைத்து, முன் பல்சக்கரத்துக்கு நேராக நடுச்சக்கரம் வரும்படி அமையுங்கள். விலகல் 10 மில்லிமீட்டருக்குள் அடங்கும். 11, 13, 15, 18, 21 போன்ற ஐந்து பல் தினசரி ஓட்டத்துக்குத் தாராளம். ஷிஃப்டரில் (கியர் மாற்றும் நெம்பு) மிஞ்சும் நிலைகளை, டெரெய்லர் நகரும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் எல்லைத் திருகுகளால் அடைத்துவிடுங்கள்.

ஷிஃப்டரும் பல்சக்கர அடுக்கும் ஒரே கியர் எண்ணிக்கைக்கானவையாக இருக்கட்டும். 8 கியர் சக்கரங்கள் 4.8 மில்லிமீட்டர் இடைவெளி, 9 கியர் 4.34. ஷிமானோவின் 7, 8, 9 கியர் டெரெய்லர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம். 10 கியர் மலைச் சைக்கிள் டெரெய்லர் இந்தக் கூட்டத்தில் சேராது.

பழைய செயினையே விடுவது

அகலமான ஒற்றைக் கியர்ச் செயின் கியர் மாறாது. புதிது வாங்குங்கள்.

ஆக்ஸிலை நிலைநிறுத்துமுன் செயினை வெட்டுவது

டிராப்அவுட் நீளவாட்டில் இருப்பதால் ஆக்ஸில் 15 மில்லிமீட்டர் முன்பின் நகரும். முதலில் ஆக்ஸிலை ஓரிடத்தில் வைத்து, டென்ஷன் கேம்களை (ஆக்ஸிலைப் பின்தள்ளிச் செயினை இறுக்கும் வட்டுகள்) முட்ட வைத்து இறுக்குங்கள். பிறகு டெரெய்லர் வழியாகப் போகாமல் முன் பல்சக்கரத்தையும் பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தையும் சுற்றிச் செயினை வைத்து, இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள்.

ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கும் தனி ஹேங்கர் போட்டால் இன்னொன்றையும் பாருங்கள். ஹேங்கர் தகடு சில மில்லிமீட்டர் தடிமன். ஆக்ஸில் போல்ட் அதே அளவு குறைவாகத்தான் உள்ளே பிடிக்கும். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ, அவ்வளவு ஆழமாவது மரை ஏற வேண்டும். இல்லையென்றால் நீளமான போல்ட் தேவை.

கேபிளுக்காக ஃப்ரேமில் ஓட்டை போடுவது

வேண்டாம். முழு நீளத்துக்கும் வெளியுறை ஓட்டி பிளாஸ்டிக் டை கட்டினால் போதும்.

கிரைண்டர் பட்ட ரிம்மை அப்படியே சாலையில் ஓட்டுவது

பிரேக் கவ்வுவதற்காகச் சொரசொரப்பாக்கிய ரிம் 10 கிலோமீட்டர் வேகத்தில் நண்பன். 25-இல் முன் பிரேக்கைத் தொட்டதும் பூட்டிக்கொள்ளும், பிரேக் பேடையும் அரைத்துத் தள்ளும். முன்சக்கரத்துக்காவது வழவழப்பான ரிம் போடுங்கள். டயர் காற்றையும் தாவும்போது வைக்கும் அளவில் விடாமல், டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எல்லைக்குள் கூட்டிக்கொள்ளுங்கள்.

சீட் பொருந்தாத ஃப்ரேமில் இத்தனையும் செய்வது

சீட் குழாயே இல்லாத ஃப்ரேம் என்றால் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். குழாய் இருந்தால், சீட் போஸ்ட் 100 மில்லிமீட்டராவது உள்ளே இறங்குகிறதா என்று பாருங்கள். பெடல் அச்சு உயரமாக இருப்பதால், கால் சரியாக நீளும் அளவுக்குச் சீட்டை ஏற்றினால் நிறுத்தும்போது பாதம் தரையை எட்டாது. சீட்டிலிருந்து முன்னால் இறங்கித்தான் நிற்க வேண்டியிருக்கும். சிக்னலில் நிற்பதற்கு முன்பே, காலியான இடத்தில் அதைப் பழகிக்கொள்ளுங்கள்.