‘கொஞ்சம் காமெடி, கொஞ்சம் மோட்டிவேஷன்’: மேடைக்கு வரும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஓப்பன் மைக் (பெயர் கொடுத்த யாரும் மேடையேறி ஸ்டாண்ட்-அப் காமெடி செய்து பார்க்கலாம்) நடக்கும் இடங்களில் இப்போதெல்லாம் நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் அதிகம். புதிதாக வரும் பெண்கள் நன்றாக எழுதுகிறார்கள், நாங்கள் ஆரம்பித்தபோது எழுதியதைவிட நன்றாகவே. ஆனால் தடுக்கி விழுகிற இடங்கள் மட்டும் மாறவில்லை. நேரத்துக்கு வர வேண்டும், அடுத்தவர் ஜோக்கைத் திருடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மைக் ஸ்டாண்டை அப்படியே விடுவது

உங்களுக்கு முன்னால் பேசியவர் ஆறடி உயரம். ஸ்டாண்ட் அவர் வாய்க்கு நேராக நிற்கிறது. நீங்கள் போய் அண்ணாந்து பார்த்து முதல் வரியைச் சொல்கிறீர்கள், பாதி காற்றில் போகிறது. மைக்கை எடுங்கள், ஸ்டாண்டைத் தூக்கிப் பின்னால் வையுங்கள், அப்புறம் வாயைத் திறங்கள். அந்தச் சில விநாடிகளில் கூட்டமும் உங்களைப் பார்த்து முடித்துவிடும்.

கல்லூரி, அலுவலக மேடைகளில் காலர் மைக்கை நீட்டுவார்கள். சட்டை போட்ட ஆளை நினைத்துச் செய்த சாமான் அது. சேலையில் முந்தானை பக்கம் குத்தினால் சரசரவென்று சத்தம், சங்கிலி பட்டால் டிக் டிக். எதிர்ப்பக்கம் குத்துங்கள், சங்கிலியை உள்ளே விடுங்கள். அந்த மைக்கோடு வரும் பெட்டியைச் சொருகச் சேலையில் இடுப்பு இருக்கிறது. பாக்கெட் இல்லாத குர்தாவில் போனால் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முடிந்தவரை கை மைக் கேளுங்கள். குரலை இறக்கி முணுமுணுக்கும் இடத்தில் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும், காலர் மைக்கில் அது நடக்காது.

உடம்பையே முதல் ஜோக்காக வைப்பது

‘நான் குண்டு, நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.’ ஒரு மாலையில் மூன்று பெண்களாவது இதில்தான் தொடங்குகிறார்கள். சிரிப்பும் வருகிறது. அதற்குப் பிறகு நீங்கள் வங்கிக் கடனைப் பற்றிப் பேசினாலும் கூட்டம் உங்கள் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

தன்னைத் தானே கிண்டல் செய்வது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 1955இல் சான் பிரான்சிஸ்கோவின் பர்ப்பிள் ஆனியன் கிளப்பில் 37 வயதில் முதன்முதலாக மேடையேறிய அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஃபில்லிஸ் டில்லர் கடைசிவரை தன் அழகைத்தான் கிண்டலடித்தார். ஆனால் அதற்காக அவர் ஒரு வேஷமே கட்டினார். கலைந்த தலை, உடலமைப்பு தெரியாத தொளதொள உடை, கையில் நீளமான சிகரெட் ஹோல்டர். மேடையில் திட்டுவதற்கென்று ‘ஃபேங்’ என்றொரு கணவரையும் கற்பனையில் உண்டாக்கிக்கொண்டார். ஜோக்குகளை அட்டைகளில் தட்டச்சு செய்து வகை வகையாக அடுக்கி வைத்தார். 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்த அட்டைகள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இவ்வளவு திட்டம் போட்டுச் செய்ததை, பதற்றத்தில் சொல்லும் ‘நான் குண்டு’வோடு சேர்த்துப் பார்க்க முடியாது.

அந்த ஃபேங் யோசனையை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த மாமியாரைப் பெயரோடு மேடையில் ஏற்றிவிட்டு, தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாமல் இருப்பவர்கள் எனக்குத் தெரியும்.

பட்டிமன்றக் குரலோடு வருவது

பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர்களுக்கு இது. பட்டிமன்றத்தில் உங்களுக்கென்று ஓர் அணி உண்டு, நடுவர் உண்டு, வாதத்தைக் கேட்கத் தயாராக வந்த சபை உண்டு. இரண்டு நிமிடம் கதை சொல்லி மூன்றாவது நிமிடம் சிரிக்க வைக்கலாம். ஓப்பன் மைக்கில் மொத்தமே நாலைந்து நிமிடம்தான் தருவார்கள். வணக்கமும் குட்டிக் கதையும் முடிவதற்குள் நேரம் முடிந்தது என்று விளக்கைக் காட்டிவிடுவார்கள். முதல் சிரிப்பு அரை நிமிடத்துக்குள் வர வேண்டும்.

விளக்கைக் காட்டிய பிறகும் பேசுவது

இறங்குங்கள்.

என்ன வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்காமல் தேதி கொடுப்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிப்ரவரி கடைசியில் போன் வரும். மார்ச் 8 மகளிர் தினம். ‘மேடம், நம்ம லேடீஸ் எல்லாம் ரொம்ப ஸ்ட்ரெஸ்ல இருக்காங்க. கொஞ்சம் காமெடியா, கொஞ்சம் மோட்டிவேஷனா அரை மணி நேரம் பேசிடுங்க.’ ஒரே வாக்கியத்தில் இரண்டு வேலை. ஸ்டாண்ட்-அப்புக்கு அரங்கம் இருட்டாக இருக்க வேண்டும், நாற்காலிகள் நெருக்கமாக இருக்க வேண்டும், நிமிடத்துக்கு இரண்டு மூன்று சிரிப்பாவது வர வேண்டும். பேச்சு என்றால் ஒரு பொருள், அதற்குத் தொடக்கம், முடிவு. நடுவில் சிரிப்பு வந்தால் லாபம். கூப்பிடுகிறவருக்கு இதில் எது வேண்டும் என்று பெரும்பாலும் தெரியாது. நீங்கள் கேட்டுத்தான் தெளிவுபடுத்த வேண்டும்.

என்னோடு மேடையேறும் ஒரு பெண், கையில் பத்து நிமிடம் அருமையான செட் (மேடையில் வரிசையாகச் சொல்லும் ஜோக்குகள்) வைத்திருப்பவள், கேட்காமல் ஓர் அலுவலகத்துக்குப் போனாள். பதினொரு மணி என்றார்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, பெண்மையின் பெருமை பற்றி வரிசையாக மூன்று ஆண்கள், கோலப் போட்டிப் பரிசளிப்பு. இவள் முறை வந்தபோது மணி ஒன்றேகால், பின்னால் பஃபே மூடிகளைத் திறந்துவிட்டார்கள். வட்ட மேஜைகளில் பாதிப் பேர் மேடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஜோக்குக்கு எல்லோரும் முன்வரிசையில் இருந்த மேலாளரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை, ஆகையால் யாருமே சிரிக்கவில்லை. ஏழாவது நிமிடம் ஒரு துண்டுச் சீட்டு வந்தது: ‘மோட்டிவேஷன் ப்ளீஸ்.’

அவளிடம் மோட்டிவேஷன் இல்லை. ‘எல்லாரும் தன்னம்பிக்கையோட இருங்க’ என்று முடித்தாள். பொன்னாடை, நினைவுப் பரிசு, தொட்டியில் ஒரு செடி. பணம்? ‘மகளிர் தினம்தானே மேடம், ஸ்பீக்கர்ஸுக்கு நாங்க எதுவும் தர்றதில்ல.’ ஸ்பீக்கர் பெட்டிக்கு வாடகை கொடுத்தார்கள், ஸ்பீக்கருக்குத்தான் இல்லை. (இந்த ஜோக்கை அவள் இப்போது செட்டில் வைத்திருக்கிறாள். அந்த நாளில் கிடைத்த ஒரே வரவு.)

எனக்கு எரிச்சல் அந்த அலுவலகத்தின் மேல் மட்டும் இல்லை. அடுத்த மார்ச்சில் அவளே வேறொரு இடத்துக்கு அதே மாதிரி தேதி கொடுத்தாள். ‘காசு பத்திக் கேட்டா திமிர் பிடிச்சவன்னு நினைப்பாங்கக்கா.’ எலக்ட்ரீஷியனை அப்படி யாரும் நினைப்பதில்லை.

அதனால் போனிலேயே கேளுங்கள். யார் யார் உட்காருவார்கள்? பணியாளர்கள் மட்டுமா, முதலாளி குடும்பமுமா? வரிசை நாற்காலியா, வட்ட மேஜையா? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? எனக்கு முன் யார் பேசுகிறார்கள்? தனியாக இருப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது மனிதர்கள் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ப்ரொவைன் கண்டறிந்தார். சிரிப்பு பக்கத்து நாற்காலியிலிருந்து வருவது. நடுவில் ஆறடி மேஜையைப் போட்டுவிட்டால் அது தாண்டி வராது. மேஜைகளை எடுக்க முடியாதென்றால் பேச்சாளராக மட்டும் வருகிறேன் என்று சொல்லுங்கள், அதற்கென்று தனியாக எழுதுங்கள். ஜோக்குகளுக்கு நடுவே அறிவுரையைச் செருகினால் இரண்டும் கெட்டுப்போகும்.

அப்புறம் தொகை. அதைப் பேசி முடித்த பிறகுதான் தேதி. பாதி முன்பணம். பேசியதை வாட்ஸப்பில் எழுத்தாக அனுப்பி ‘சரி’ வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிகள் 10% டிடிஎஸ் (தொகையைத் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடித்தால் பதறாதீர்கள். பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்ததும் திரும்பி வரும். பாதிப் பேர் தாக்கலே செய்வதில்லை.

கடைசியாக வீடியோ. ‘எங்க யூடியூப்ல போட்டுக்கறோம், உங்களுக்கும் விளம்பரம்தானே’ என்பார்கள். ஒன்றரை வருஷம் தேய்த்து மெருகேற்றிய செட்டை, எதிரொலிக்கும் ஒலியில், கோணலான கேமராவில் ஊருக்கே காட்டிவிடுவார்கள். அடுத்த மேடையில் முதல் வரி சொன்னதும் ஒருவர் மீதியைச் சொல்லி முடிப்பார். பதிவு செய்யலாமா, எவ்வளவு நேரம், யார் வெளியிடுவது என்பதையும் அந்த வாட்ஸப்பிலேயே எழுதுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் நான் யாருக்கும் விடுவதில்லை.

‘சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்’

சொல்லாதீர்கள். ஜோக் என்று அவர்களுக்கே தெரிய வேண்டும்.

வேலையை விடுவது

பாரதி பாஸ்கர் வங்கி வேலையில் இருந்துகொண்டேதான் பட்டிமன்ற மேடைகளில் பேசினார். அவசரப்படாதீர்கள்.

கடைசி ஸ்லாட்டை ஒப்புக்கொள்வது

பெயர் கொடுக்கும்போதே முதல் ஐந்துக்குள் இடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. பத்தரை மணிக்குக் கூட்டம் பாதி கிளம்பியிருக்கும், இருப்பவர்களும் போனைப் பார்ப்பார்கள், உங்கள் மனசு மெட்ரோவின் கடைசி ரயிலில் இருக்கும். எட்டு மணிக்கு அதே ஜோக்குக்கு வரும் சிரிப்பே வேறு.