டிஜே கண்ட்ரோலர் வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

கல்யாண ரிசப்ஷன், பர்த்டே என்று டிஜே தொழில் ஆரம்பிக்க கண்ட்ரோலர் வாங்கப் போகிறீர்கள் என்றால், கலர் லைட்டையும் பேடையும் பார்க்கும் முன் அதைத் திருப்பி, மாஸ்டர் அவுட்டில், அதாவது ஸ்பீக்கருக்குப் பாட்டு போகும் மெயின் வெளியீட்டில், எக்ஸ்எல்ஆர் இருக்கிறதா என்று பாருங்கள். மைக் கேபிள் மாட்டுகிற அதே மூன்று பின் சாக்கெட்தான்.

விலை குறைந்த பல மாடல்களில் டிவிடி பிளேயரில் இருப்பது போன்ற சிவப்பு வெள்ளை ஆர்சிஏ சாக்கெட் மட்டும்தான் இருக்கும். மேடையிலிருந்து ஸ்பீக்கர் வரை 50 அடி கேபிள் இழுத்தால், பக்கத்தில் போகும் சீரியல் லைட் வயரின் இரைச்சலையெல்லாம் அது வாங்கிக்கொண்டு 'ம்ம்ம்' என்று உறுமும். எக்ஸ்எல்ஆரில் ஒரே சிக்னல் இரண்டு கம்பிகளில், ஒன்று தலைகீழாகப் போகிறது. வழியில் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும் இரைச்சல் மறுமுனையில் கழிந்துவிடும். கேபிளும் எந்த சவுண்ட் சர்வீஸ்காரரிடமும் கிடைக்கும், தனியாகத் தேடி அலைய வேண்டாம்.

ஆர்சிஏ முனையில் எக்ஸ்எல்ஆர் கன்வெர்ட்டர் பின்னை மாட்டினால் இந்தப் பலன் வராது, அதற்கு சிக்னலை இப்படி இரண்டு கம்பி சிக்னலாக மாற்றித் தரும் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி வேண்டும்.

வீட்டு மாடி பார்ட்டி மட்டும்தான், இல்லை மிக்சர் உங்கள் மேஜையிலேயே ஐந்தாறு அடிக்குள் இருக்கும் என்றால் ஆர்சிஏவே போதும், அந்தக் காசுக்கு நல்ல ஹெட்போன் வாங்குங்கள்.