மார்பகப் புற்றுசெல் ரத்தக்குழாயை அழைக்காமல் தடுக்க: முதல் எஸ்ஐ-ஆர்என்ஏ சோதனை

ரத்தக்குழாய் வந்து சேராவிட்டால் கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டரோடு நின்றுவிடும் என்று 1971இல் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். அந்தக் குழாய்களை வரவழைக்கப் புற்றுசெல் வெளியே விடும் முக்கியமான புரதம் விஇஜிஎஃப். அதைத் தயாரிக்கும் செய்தியை மரபணுவிலிருந்து எடுத்துவரும் எம்-ஆர்என்ஏவை, அதற்குப் பொருந்தும் 21 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏவான எஸ்ஐ-ஆர்என்ஏவால் வெட்டவைப்பதுதான் நம் வேலை.

முதல் நாள், ஆறு குழி பிளேட்டில் குழிக்கு 2 லட்சம் எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்றுசெல்கள், ஆன்டிபயாடிக் இல்லாத மீடியத்தில் (செல் வளரும் ஊட்டத் திரவம்). மறுநாள் பாதி இடம் நிறைந்திருந்தால் போதும்.

இரண்டாம் நாள், சில குழிகளுக்கு விஇஜிஎஃப் எஸ்ஐ-ஆர்என்ஏ, சிலவற்றுக்கு எந்த மரபணுவையும் தொடாத போலி ஆர்என்ஏ, சிலவற்றைச் சும்மா விடுங்கள். போலியைத் தவிர்க்கவே கூடாது. ஆர்என்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் கொழுப்பே கொஞ்சம் நஞ்சு. செல் செத்தாலும் விஇஜிஎஃப் குறையும், நாம் ஏமாந்துபோவோம்.

அளவுக் கணக்கு: கையில் உள்ள ஆர்என்ஏ கரைசல் 20 மைக்ரோமோலார், குழியில் 2 மில்லி, தேவை 20 நானோமோலார். அப்படியென்றால் 2 மைக்ரோலிட்டர். கொழுப்பையும் ஆர்என்ஏவையும் தனித்தனியாகக் கரைத்து, பிறகு கலந்து, கால் மணி நேரம் விட்டுச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிளேட்டை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சுழற்றினால் எல்லாம் நடுவில் போய்ச் சேரும்.

மூன்றாம் நாள்தான் பலரும் கோட்டை விடுகிற இடம். பழைய மீடியத்தை முழுக்க எடுத்துவிட்டு, சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) குறைந்த புது மீடியம் ஊற்ற வேண்டும். முன்பே வெளியே வந்த விஇஜிஎஃப் பழைய மீடியத்தில் மிதந்துகொண்டிருக்கும். மரபணுவை அடக்கினாலும் அது காணாமல் போகாது. எம்-ஆர்என்ஏவை அளக்க ஒரு குழியை இன்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் நாள் மீடியத்தைச் சேகரித்து, அதில் விஇஜிஎஃப் எவ்வளவு என்று ஆன்டிபாடியால் அளக்கும் எலைசா சோதனை செய்யுங்கள். அந்தந்தக் குழியின் செல்களையும் எண்ணி, லட்சம் செல்லுக்கு எவ்வளவு விஇஜிஎஃப் என்று கணக்கிடுங்கள்.

சரி, குழாய் உண்மையிலேயே குறைகிறதா? தொப்புள்கொடிச் சிரையின் உள்சுவரிலிருந்து எடுத்த ஹூவெக் செல்களை, சேகரித்த மீடியத்தோடு மேட்ரிஜெல் என்ற புரதக் கூழின் மேல் போடுங்கள். மேட்ரிஜெல்லை முந்தின இரவே ஐஸில் வைத்து ஃபிரிட்ஜில் உருக்குங்கள், பிப்பெட் டிப்பையும் குளிரவையுங்கள், கைச்சூட்டுக்கே இறுகிவிடும். ஆறு மணி நேரத்தில், போலி ஆர்என்ஏ மீடியம் விட்ட குழியில் செல்கள் கைகோத்து வலை பின்னியிருக்கும். விஇஜிஎஃப் எஸ்ஐ-ஆர்என்ஏ மீடியம் விட்டதில் அது அறுந்து அறுந்து கிடந்தால் மனசு துள்ளும்.

ஆனாலும் ‘புற்று தடுக்கப்பட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். விஇஜிஎஃப்பைப் பிடிக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்துக்கு மார்பகப் புற்றுக்காக 2008இல் அமெரிக்கா தந்த அனுமதி, ஆயுள் கூடியதற்குச் சான்று இல்லாததால் 2011இல் ரத்தானது. வலையில் கிளைகள் சேரும் முனைகளை எண்ணும்போதும், எது எந்தக் குழி என்பது உங்களுக்கே தெரியாதபடி நண்பரை மறைத்துவைக்கச் சொல்லுங்கள்.